பதினேழும் இருபத்திரண்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். குடை மறந்தேன். துப்பட்டா நனைந்து, மெட்ரோ ஏசியில் பல் கிட்டியது.

திங்கள்கிழமை ரெஸ்டாரென்ட் மூடல். இருந்தும் பசவராஜ் சார் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். நான், தாரிணி. ஆறு மாதமாக டிரெயினி. ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் முதல் நாளே என்னை "நீ" என்றாள். நான் இன்னும் "நீங்க". ஒரே வயதுதான்.

சார் சொன்னவை:
– கீழே செல்லரில் (ஒயின் நிலவறை) ரெட் ஒயின் 24 வகை. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் திறந்து பார்க்கலாம்.
– எதை இப்போதே விற்றுத் தீர்க்க வேண்டும், எது இன்னும் சில வருடம் படுத்துக் கிடந்தால் நன்றாக வரும். ஆளுக்கொரு பட்டியல். சனிக்கிழமைக்குள்.
– பட்டியலைப் பார்த்து ஒருத்திக்குச் செல்லர் வேலை, நிரந்தரம். இன்னொருத்தி மேலே, டேபிள் சர்வீஸ்.

மேலே என்றால் நாள் முழுக்கச் சிரிக்க வேண்டும். தெரியாதவர்களிடம் நாமாகப் போய்ப் பேச வேண்டும். டிரெயினிங்கில் ஒரு வாரம் நின்றேன். மூன்றாம் டேபிள் அம்மாள், "இந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராதா?" என்று சாரிடமே கேட்டார். செல்லரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பதினான்கு டிகிரி, மங்கிய விளக்கு, பேசாத பாட்டில்கள். அந்த அறை எனக்கு வேண்டும். வேறெதையும் இவ்வளவு கேட்டதில்லை, டிகிரி உட்பட.

(இங்கே எழுதும்போது: இ = இப்போது குடிக்க. வை = வைக்க.)

தாரிணியின் நோட்டு: தடித்த தாள், நீல நாடா. என்னுடையது பின்னட்டையில் வாய்ப்பாடு போட்ட ஸ்கூல் நோட்டு. அட்டை தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: குடை, ஷாம்பு, அப்பாவுக்கு மூட்டுவலி ஆயின்மென்ட்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். 1 முதல் 12 வரை.

வேலை இதுதான்: மோந்து பார், ஒரு வாய் எடு, வாய்க்குள் சுழற்று, எவர்சில்வர் வாளியில் துப்பு, எழுது. தாரிணி துப்புவதைப் பார்க்க வேண்டும். நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு, வாளியின் நடுவில். அப்போதும் அழகாக இருக்கிறாள். எனக்கு முகவாயில் வழிகிறது. வெள்ளைச் சட்டையில் இரண்டு பொட்டு. சார் பார்க்காததுபோல் இருந்தார், அது இன்னும் மோசம்.

அவள் வீடு ஜெயநகர். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளுடைய சித்தப்பா பாட்டில் திறப்பாராம், பதினெட்டு வயதிலிருந்து மோந்து பார்க்கக் கொடுப்பாராம். எங்கள் வீட்டில் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இருபது வருடம் ஆட்டோ, ஒரு நாள்கூட இல்லை. அவர் பெண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வாய் கொப்பளிக்கிறாள். வீட்டில் சொல்லியிருப்பது: "ஓட்டல்ல ஸ்டோர்ஸ்." பொய் இல்லை.

4-ஆம் எண். சார், பாதி கன்னடத்தில்: "ஏனம்மா, என்ன வாசனை?"

தாரிணி: "சிகார் பாக்ஸ், சார். பின்னாடி கொஞ்சம் ஃபாரஸ்ட் ஃப்ளோர்."

நான் சுருட்டுப் பெட்டி பார்த்ததில்லை. காடு என்று பார்த்தது லால்பாக். "நல்லா இருக்கு, சார்" என்றேன்.

ஆனால் துவர்ப்பு. இவர்கள் டானின் டானின் என்று சொல்வது நம் துவர்ப்புதான். வாழைப்பூ, பாக்கு, காய்க் கொய்யா. அது நாக்கில் எங்கே பிடிக்கிறது, எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. தாரிணி அதற்கு ஆறு சொல் தேடுகிறாள். என்னிடம் ஒன்று இருக்கிறது, அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை.

9-ஆம் எண்ணில் எனக்கு நானே முணுமுணுத்தேன்: "நனைஞ்ச விபூதி."

தாரிணி சட்டென்று திரும்பினாள். "ஹே, கரெக்ட்! அதேதான்!" பிறகு சாரிடம்: "வெட் ஆஷ், சார்."

"வெட் ஆஷ்! வெரி குட், வெரி குட். பர்கோ, பர்கோ, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். தடித்த தாளில். என் விபூதியை.

அவள் திருடவில்லை. அது அவளுக்குத் திருட்டாகவே தெரியவில்லை. "கலை, நீ செமயா சொன்னே இல்ல?" என்று பிறகு என்னிடமே சொல்கிறாள், சார் போன பிறகு.

ஆகஸ்ட் 6, புதன்

13 முதல் 24.

17: தூரதேசத்து பாட்டில், கனமான அடிப்பாகம், தங்க எழுத்து. மூன்று பெட்டி இருக்கிறது, 36 பாட்டில். திறந்தவுடனே மணம், வழுவழுப்பு. தாரிணி: "இது இப்போ உச்சத்துல இருக்கு. இனிமே இறங்குமுகம்தான்." இ போட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுதவில்லை. அவள் சொன்னதையே எழுதப் பிடிக்கவில்லை.

22: நந்தி மலைப் பக்கத்துச் சரக்கு. தக்கை இல்லை, சோடா பாட்டில்போலத் திருகுமூடி. மேலே கிளாஸ் கணக்கில் ஊற்றுவது, பட்டியலிலேயே மலிவு. தாரிணி மூடியைத் திருகும் சத்தத்துக்கே சிரித்தாள். "இதைப் போய் யார் படுக்க வைப்பா?" நானும் சிரித்தேன். தெரிந்தவள்போல. ஒரு வாய், கரடு, புளிப்பு, பல் கூசியது. துப்பிவிட்டு இ போட்டேன். அரை நிமிடம்கூட இல்லை.

மதியம் ஒரு யோசனை. எப்போதோ படித்தது: திறந்த பாட்டிலை மூன்று நாள் விட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். காற்றுப் பட்டு மறுநாளே சரிந்தால் இப்போதே குடிக்க வேண்டியது. மூன்றாம் நாள் நிமிர்ந்து நின்றால் வருடக்கணக்கில் வைக்கலாம். பல வருடத்தில் காற்று செய்வதை மூன்று நாளில் அவசரமாகச் செய்து பார்ப்பது.

எங்கள் இடத்தில் மீதி ஒயின் அன்றன்றே கிச்சனுக்குப் போய்விடும். முனிரத்னம் அண்ணா கறியில் ஊற்றுவார். நல்லவேளை, நேற்றையவையும் இன்னும் ஊற்றாமல் இருந்தன. அவரிடம் போனேன்.

"அண்ணா, இந்த மீதிய மூணு நாள் ஊத்தாம வெச்சிருக்க முடியுமா? ஃப்ரிட்ஜ்ல, பின்னாடி தட்டுல."

"இன்னாம்மா தங்கச்சி, தனியா கச்சேரியா?"

"இல்லண்ணா. வேலைக்கு."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. சரி, வெச்சிட்டுப் போ. சார்கிட்ட?"

"சார்கிட்ட சொல்ல வேணாம்."

24 பாட்டில் கழுத்திலும் வெள்ளை டேப் ஒட்டி எண் எழுதினேன். தாரிணியிடம் சொல்லலாமா என்று ஒரு கணம். சொன்னால் இருவருமாகச் செல்லரிலேயே வைத்துப் பார்க்கலாம், ஒளிக்க வேண்டியதில்லை. நனைந்த விபூதி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஏழரைக்கே போனேன். கிச்சனில் வெங்காயம் உரிக்கும் பையன்கள் மட்டும். 24-லும் ஒரு வாய்.

சரிந்துவிட்டவை: 2, 6, 11. தாரிணி இந்த மூன்றுக்கும் வை போட்டிருப்பாள், பெரிய பெயர்கள். நிற்பவை: 3, 9, 14. சந்தோஷம். மற்றவர் தவற்றில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு மாதிரிக் கூச்சமாக இருந்தது, ஆனால் போகவில்லை.

தாரிணி மதியம் ஒரு குடை கொடுத்தாள். "என்கிட்ட ரெண்டு இருக்கு, வெச்சிக்கோ. தினம் நனையறே." பச்சைக் குடை, மரக் கைப்பிடி. நன்றி சொன்னேன். மெட்ரோவில் வரும்போது அதன்மேல் கோபம்.

சாயங்காலம் பாத்ரூமில் தண்ணீர் வைத்துத் துப்பிப் பழகினேன். அம்மா கதவைத் தட்டினாள். "என்னடி, வாந்தியா? எத்தனை நாளா?"

"வாய் கொப்பளிக்கறேம்மா."

"அரை மணி நேரமாவா?"

பக்கத்து வீட்டு சரசு அக்கா வந்திருந்தார். பரணில் இருக்கும் மூன்று நார்த்தங்காய் ஜாடியில் நடுவிலிருப்பதைக் கேட்டார், கணவருக்கு வயிறு சரியில்லையாம். அம்மா முன்வரிசை ஜாடியிலிருந்து நாலு துண்டு எடுத்துக் கொடுத்தாள். "அது இன்னும் ஆகலக்கா. இதை எடுத்துக்கோ." அக்கா போனபின் நடு ஜாடியின் துணியை இறுக்கிக் கட்டினாள். ஆகவில்லை என்பது பொய். எனக்குத் தெரியும், போன மாதமே மோந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்றாம் நாள். ஏழு இருபது.

22 காணோம். சாஸுக்குப் போயிருக்கும். போகட்டும், அது எப்படியும் இ.

17!

நேற்று மந்தமாக இருந்தது. இன்று எழுந்து நிற்கிறது. முதல் நாள் வழுவழுப்பின் அடியில் ஒரு முதுகெலும்பு. புளிப்பு நேராக, துவர்ப்பு நாக்கின் இரு ஓரமும் பிடித்து மெல்ல விடுகிறது. கடைசியில் ஒரு கசப்பு, நல்ல கசப்பு. மூன்று முறை மோந்தேன். ஒரு வாயைத் துப்பவில்லை.

தாரிணி இதற்கு இ போட்டிருக்கிறாள். 36 பாட்டில்.

நாள் முழுக்க அவளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு சின்ன மணி. அவள் தலைமுடியை உயர்த்திக் கொண்டை போட்டிருந்தாள், பேனாவைச் செருகி. மேலே வந்த விருந்தினர் ஒருவர் அவளிடமே நேராகப் போய்க் கேட்கிறார். அவள் சிரித்தால் கூடத்தில் இரண்டு பேர் திரும்புகிறார்கள். இருக்கட்டும். 17 என்னிடம்.

ஆகஸ்ட் 9, சனி

கொடுத்தோம்.

சார் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து விரலால் இறங்கினார். பத்தொன்பது ஒத்துப்போயின. 2, 6, 11, 17, 24 மாறின. நின்றுகொண்டே இருந்தோம்.

"17. தாரிணி நவ் போட்டிருக்கே. கலை வைக்கச் சொல்றே. யாக்கம்மா, ஏன்?"

பேசினேன். எப்படி என்று தெரியவில்லை. முதல் நாள் இனிமை மேல்பூச்சு, அடியில் புளிப்பும் துவர்ப்பும் இருக்கிறது, அது இன்னும் வெளியே வரவில்லை, ஏழெட்டு வருடம் தாங்கும் என்றேன். தமிழில்தான். டானின் என்று சொல்லவில்லை, துவர்ப்பு என்றே சொன்னேன். சார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கன்னடத்தில் "ஒகரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் ஊரிலும் அந்தச் சொல் இருக்கிறது.

"அன்னிக்கு எனக்கு அது தெரியலையே, கலை" என்றாள் தாரிணி. சண்டையாக இல்லை. யோசித்து. "சுத்தமா தெரியலை."

"எனக்குத் தெரிஞ்சுது."

மூன்று நாள் சோதனையைச் சொல்லவில்லை. மூக்கு என்றே நினைக்கட்டும்.

சார் மேலே போன் செய்து 17-ஐ மெனுவிலிருந்து எடுக்கச் சொன்னார். 36 பாட்டிலும் கீழ் ரேக்குக்கு. முடிவு செவ்வாய்க்கிழமை சொல்வாராம். படியேறும்போது என் தோளைத் தட்டி, "சுமார் இல்லை நீனு" என்றார்.

தாரிணி முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே சுத்தமான கையை. பார்த்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். பிரன்ச் கூட்டம். மேலே கிளாஸ் எடுக்கப் போனேன்.

முனிரத்னம் அண்ணா ஒரு பாட்டிலிலிருந்து தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திருகுமூடி பாட்டில். கழுத்தில் வெள்ளை டேப். 22. என் கையெழுத்து.

"அண்ணா, இது..."

"ஆமா தங்கச்சி, எண்ணெய்க்கு இந்த மூடிதான் கரெக்ட்டு. ஒழுகாது. வியாழக்கிழமையே எடுத்துக்கினேன்."

"உள்ள இருந்த ஒயின்? சாஸுக்கா?"

"சாஸுக்கு ஊத்தாதன்னு நீதான சொன்ன? உன் சரக்க நான் ஏன் வேஸ்ட் பண்றேன். பக்கத்துல ஒண்ணு பாதியா இருந்துச்சு பாரு, வெயிட்டான பாட்டிலு, தங்க எழுத்து. அதுலயே ஊத்திட்டேன். ஒண்ணும் கீழ சிந்தல."

சொல்லிவிட்டு மசாலா தோசையைத் திருப்பினார். பெருமையாக.

டிரேயைக் கீழே வைத்தேன்.

17 இல்லை அது. பாதி 22.

ஆகஸ்ட் 11, திங்கள்

விடுமுறை. அல்சூர் ஏரியைச் சுற்றி இரண்டு நடை. வாத்து, போட்டிங் வரிசை, நாய்கள்.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
– யாருக்கும் தெரியாது. அண்ணாவுக்கே தெரியாது அவர் செய்தது என்ன என்று.
– 17 தனியாகவும் நன்றாக வரலாம். வரக்கூடும்.
– வராவிட்டாலும் தெரிய ஏழெட்டு வருடம்.
– அவளுக்கு வேறு எங்கும் கிடைக்கும். சித்தப்பா இருக்கிறார். சிரித்தால் போதும்.
– எனக்கு மூன்றாம் டேபிள்.

சொல்லக் காரணம்: ஒன்றுதான் வருகிறது. செல்லர் எனக்கே கிடைத்தால் தினமும் அந்த 36 பக்கத்தில் உட்கார வேண்டும். உள்ளே என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்து.

இன்னொன்று, இதை எழுதவே பிடிக்கவில்லை: அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். முதல் நாள் எனக்கும் அதுதான் பட்டது. அவள் சொல்லிவிட்டாள் என்பதற்காக விட்டேன்.

அம்மா: "ஏண்டி சாப்பிடல? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் ஒண்ணு சொல்லணும்."

"யாரு, பையனா?"

"பாட்டில்மா."

அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "ஸ்டோர்ஸ்ல என்ன பாட்டில்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. சோத்தை மட்டும் தின்னு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சார் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாரிணியும் இருந்தாள். சார் வாய் திறக்குமுன், "சார், 17 தப்பு" என்றேன். ஃப்ரிட்ஜ், மூன்று நாள், டேப், எண்ணெய் பாட்டில், எல்லாம். தலையைத் தூக்கவில்லை. மேஜையில் ஒரு தக்கை கிடந்தது, அதைப் பார்த்தே பேசினேன்.

சார் கேட்டது சோதனையைப் பற்றி இல்லை. "ஒள்ளே ஐடியா கணம்மா அது. நல்ல யோசனை. இங்கயே ரேக்ல வெச்சிருக்கலாமே? கிச்சன்ல ஏன் கொண்டுபோய் வெச்சே? தாரிணிக்கும் தெரியாதா?"

"தெரியாது, சார்."

"யாக்கே?"

தக்கையை விரலால் உருட்டினேன். தாரிணி என்னைப் பார்ப்பது காதோரம் தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார். 17-இல் புதிதாக ஒன்று திறந்தார். பாதியை ஊற்றிவிட்டு மீதியைச் செல்லர் ரேக்கிலேயே வைத்தார், எல்லோர் கண் முன்னும். "குருவாரம், வியாழக்கிழமை பார்ப்போம்."

அண்ணாவைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அவனை யார் திட்டறது? ஒரு சொட்டுகூடச் சிந்தலையாமே" என்று சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாரிணி சாப்பிட அழைத்தாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. பச்சைக் குடையை எடுக்காமல் நனைந்தே போனேன். தும்மல். மூக்கு அடைத்தால் நாளை என்ன செய்வது? ஆவி பிடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மூக்கு திறந்திருந்தது. திறக்காமலே இருந்திருக்கலாம்.

17, மூன்றாம் நாள், தனியாக: ஏடு படிந்து ஆறிப்போன டீ. மணம் இல்லை. உள்ளே யாரும் இல்லாத வீடு. சார் வாயில் வைத்துத் துப்பினார். 36-ஐயும் மெனுவில் திரும்பப் போடச் சொல்லி போன் போனது.

தாரிணி சரி. ஒரு வாயில், முதல் நாளே.

அவள் சிரித்திருக்கலாம். நான் என்றால் உள்ளுக்குள்ளாவது சிரித்திருப்பேன். அவள் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு:

"கலை, ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை நீ குடிச்சது நல்லா இருந்துச்சுன்னா... அது 17 இல்லன்னா... அப்போ நின்னது எது? 22 தானே?"

சார் கிளாஸிலிருந்து நிமிர்ந்தார்.

நாலு நாளாக அது என்னிடம்தான் இருந்தது. ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினேன், காரணங்களுக்குப் பட்டியல் போட்டேன், எண்ணெய் பாட்டிலை நினைத்து நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். இந்தக் கேள்வி வரவில்லை. அகப்படுவேனா மாட்டேனா என்பது மட்டும்தான் வந்தது. குடித்தவள் நான். கேட்டவள் அவள். வேறு எதற்கும் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. நோட்டு, கொண்டை, ஜெயநகர், எதற்கும்.

சார் எழுந்தே விட்டார். "அந்த ஸ்க்ரூ கேப்பா?" மேலே கேட்டார், கிளாஸ் கிளாஸாக ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள், பதினொன்றுதான் மீதி. உடனே நிறுத்தச் சொன்னார். ஒன்றைத் திறந்தோம். அதே கரடு, அதே பல் கூச்சம். இந்தமுறை அரை நிமிடத்தில் துப்பவில்லை. சனிக்கிழமைவரை ரேக்கில்.

பிறகு சாவியைத் தாரிணியிடம் கொடுத்தார். என்னிடம், "கலை, திங்கள் விட்டு செவ்வாயிலேர்ந்து மேலே. கொஞ்ச நாள். பேசிப் பழகு" என்றார். கோபமாக இல்லை.

தலையாட்டினேன்.

படியில் தாரிணி கையைப் பிடித்தாள். "தினம் சர்வீஸுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கீழ வா. எனக்கு உன் மூக்கு வேணும்."

"பார்க்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மது விற்கத் தடை உள்ள நாள். பார் பூட்டு, எனக்கு லீவு. தெருமுனையில் கொடி, மிட்டாய், ஒலிபெருக்கி.

அம்மாவிடம் சொன்னேன், மேலே மாற்றிவிட்டார்கள் என்று.

"மேல நல்லதுதானே? காத்து வரும்."

"ஆமா."

22 இன்று இரண்டாம் நாள். அங்கே இருட்டில் நின்றுகொண்டிருக்கும். சரிந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. இரண்டு முறை ஷாலை எடுத்துப் போர்த்தினேன், போக வேண்டும்போல். சாவி என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

காலையிலேயே செல்லருக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எட்டரைக்குப் போய்விட்டேன். பச்சைக் குடையோடு.

தாரிணி எனக்கு முன்பே வந்திருந்தாள். ரேக்கில் மூடி திறக்கப்படவில்லை. "நீ வராம தொடக் கூடாதுன்னு உட்கார்ந்திருக்கேன். எவ்ளோ நேரம்! சாவி ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம்."

இரண்டு கிளாஸ். அவள் ஊற்றினாள்.

22, மூன்றாம் நாள். கரடு இருக்கிறது, ஆனால் கை கட்டி நிற்கிறது. புளிப்பு நேராக உள்ளே போகிறது. துவர்ப்பு இரு ஓரமும் பிடித்து மெல்ல விட்டது. பின்னால் அந்தக் கசப்பு, அன்று 17 என்று நினைத்துக் குடித்தபோது கடைசியில் வந்த அதே கசப்பு. இன்னும் எட்டு வருடம், பத்துகூட.

"வைக்கணும்" என்றாள்.

"வைக்கணும்" என்றேன். "நீ எழுது. டேக் நான் கட்டறேன்."

நீ என்று சொன்னது வாயிலிருந்து போன பிறகுதான் தெரிந்தது. அவள் கவனித்தாள். பேனாவைக் கொண்டையிலிருந்து உருவினாள்.

பத்து பாட்டில், பத்து டேக். நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கிளாஸில் மூக்கை விட்டு எடுத்து, விட்டு எடுத்து, நோட்டைப் பார்த்தாள். தாள் காலி.

"கலை, இது என்ன வாசனை? எனக்கு எதுவும் வரமாட்டேங்குது. லெதர் இல்ல, ஸ்பைஸ் இல்ல. நாக்கு நுனில நிக்குது. உனக்குத் தெரியும், மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. சொல்லேன்."

"தெரியல."

"பொய்."

"நிஜமா தெரியல."

தெரியும். முதல் மோப்பத்திலேயே. எங்கள் பரணில் நடு ஜாடி. துணியை அவிழ்த்தவுடன் வருவது. உப்பில் மூன்று வருடம் கிடந்து கறுத்த நார்த்தங்காய், அதன் தோல், அதன் உள்கசப்பு. சொன்னால் ஒரு நொடியில் ஆங்கிலமாகி, தடித்த தாளில் ஏறிவிடும்.

இந்த நோட்டில் மட்டும், 22-க்கு எதிரில் எழுதியிருக்கிறேன்: நார்த்தங்காய். பக்கத்தில்: வை.